குரலைத் தாழ்த்தினார், உலகமே கேட்டது: ஜிம் ரீவ்ஸ்

கெப்பாலா பத்தாஸ் – இந்த வட்டாரத்தில் அறுபதைத் தாண்டிய பெரியவர்களிடம், அதிலும் தோட்டத்தில் கிராணியாகவோ டிரெஸராகவோ இருந்தவர்கள், ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகத்திலும் வேலை பார்த்தவர்களிடம், ஜிம் ரீவ்ஸ் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். முகம் மலர்ந்துவிடும். சௌந்தரராஜன், சுசீலா இசைத்தட்டுகள் அடுக்கியிருந்த பல வீடுகளில், கோட்டும் டையும் அணிந்து அமைதியாகச் சிரிக்கும் ஒரு வெள்ளைக்காரரின் படம் போட்ட அட்டையும் ஒன்றிரண்டு இருந்தது. டி.எம்.எஸ்ஸுக்கு உருகிய அதே காதுகள் இவருக்கும் உருகின.

பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் டிசம்பர் மாதம் பேரங்காடியில் ஒலிக்கும் கிறிஸ்துமஸ் பாடல்களுக்கு நடுவே, அவசரமே இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல ஒரு ஆண் குரல் வரும். அந்தக் குரலை அவர்களும் கேட்டிருப்பார்கள்.

கச்சேரி செய்ய அவர் இந்தப் பக்கம் வந்ததில்லை. நாற்பத்தோராவது பிறந்தநாளைக்கூட அவர் பார்க்கவில்லை. டெக்ஸஸ் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஒருவரின் குரல் செபராங் பிறை தோட்டத்து வீடுகள் வரை எப்படி வந்து சேர்ந்தது?

1923 ஆகஸ்ட் 20ஆம் தேதி, அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்துக் கிழக்குக் கோடியில், கார்த்தேஜ் நகருக்குப் பக்கத்தில் உள்ள கேலவே என்ற சிற்றூரில் ஜேம்ஸ் டிராவிஸ் ரீவ்ஸ் பிறந்தார். வீட்டில் அவர்தான் கடைக்குட்டி. ஒரு வயது நிரம்புவதற்குள் தகப்பனார் இறந்துவிட்டார். நிலத்தையும் பிள்ளைகளையும் தாயார் பியூலா ஒற்றை ஆளாகச் சுமந்தார். வீட்டுத்தலைவர் போய்விட்டால் ஒரு குடும்பம் என்ன பாடுபடும் என்பதைத் தோட்டத்து மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பையனுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே கித்தார் மீது ஆசை. ஒரு கூடை பேரிக்காயைக் கொடுத்து ஒரு பழைய கித்தாரை வாங்கிக்கொண்டான் என்று ஒரு கதை சொல்வார்கள். அண்ணன் வாங்கி வந்த ஜிம்மி ராட்ஜர்ஸ் இசைத்தட்டுதான் அவனுக்கு முதல் குரு.

ஜிம்மி ராட்ஜர்ஸ் யார் என்று தெரிந்தால்தான் கண்ட்ரி இசை என்றால் என்னவென்று புரியும். அவர் ரயில் பாதையில் வேலை பார்த்த தொழிலாளி. காசநோய் வந்து, ரயில் வேலையை விட்டு, பாட்டுக்கு வந்தவர். 1933இல் அதே நோயில் 35 வயதில் இறந்துபோனார். ரயில், சிறை, வறுமை, விட்டுப்போன காதலி, எங்கோ இருக்கும் அம்மா என்று அவர் பாடியதெல்லாம் உழைக்கும் சனங்களின் பாடு. கண்ட்ரி என்று பெயர் பெற்ற இசையின் வேர் அதுதான். அமெரிக்காவின் தெற்குப் பகுதிகளில் பருத்திக் காட்டிலும் மரம் வெட்டும் முகாமிலும் எண்ணெய்க் கிணற்றடியிலும் வாழ்ந்தவர்கள் பிடிலையும் பாஞ்சோவையும் கித்தாரையும் வைத்துக்கொண்டு பாடியது. நம் தோட்டங்களில் பால்மரத்தையும் கங்காணியையும் கப்பலேறி வந்த கதையையும் வைத்துப் பாட்டுக் கட்டினார்களே, அதற்கு இதைத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். வித்தியாசம் ஒன்று உண்டு. அவர்களுடைய பாட்டு இசைத்தட்டில் ஏறியது. நம்முடையதில் பெரும்பகுதி பாடியவர்களோடு போய்விட்டது.

டிராவிஸ் முதலில் பெயரெடுத்தது பாட்டில் அல்ல, பேஸ்பாலில். நம் பள்ளிகளில் விளையாடுகிற ரவுண்டர்ஸ் ஆட்டத்துக்கு அது அண்ணன் மாதிரி. பந்து வீசுவதில் கெட்டிக்காரன் என்பதால் டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. பேச்சுக்கலையும் நாடகமும் படிக்கச் சேர்ந்தவர், சில வாரங்களிலேயே படிப்பை விட்டுவிட்டு ஹூஸ்டன் கப்பல் கட்டும் தளத்துக்கு வேலைக்குப் போனார். போர்க்காலம். பிறகு 1944இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்து தன் இளநிலை அணி ஒன்றில் ஆட வைத்தது. பெரிய அணிக்குப் போக அவர் கண்ட கனவு மூன்று ஆண்டுகூடத் தாங்கவில்லை. பந்து வீசும்போது இடுப்பிலிருந்து காலுக்கு ஓடும் நரம்பில் பலத்த காயம் ஏற்பட்டது. ஆட்டம் அத்தோடு முடிந்தது.

இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது. படிப்பும் இல்லை, விளையாட்டும் இல்லை. 1947 செப்டம்பரில் மேரி ஒயிட் என்ற பெண்ணை மணந்துகொண்டார். சோற்றுக்கு வழி தேடி ஹெண்டர்சன் என்ற சிறு நகரத்து வானொலி நிலையத்தில் அறிவிப்பாளர் வேலையில் சேர்ந்தார். பாட்டுப் போட வேண்டும், செய்தி வாசிக்க வேண்டும், கடைக்காரர்களின் விளம்பரத்தைச் சொல்ல வேண்டும். பின்னாளில் அதே நிலையத்தை விலைக்கு வாங்கிய பங்காளிகளில் அவரும் ஒருவரானார் என்பது தனிக்கதை. அவருடைய உண்மையான பள்ளிக்கூடம் அந்த அறிவிப்பாளர் நாற்காலிதான். ஒலிவாங்கிக்கு முன்னால் கத்தக்கூடாது, வார்த்தையை விழுங்கக்கூடாது, கேட்பவர் ஒரே ஒருவர்தான் என்று நினைத்துப் பேச வேண்டும் என்பதை அங்கே கற்றுக்கொண்டார். பாடகர்கள் பலருக்கு வாய்க்காத பயிற்சி இது.

அங்கிருந்து லூசியானா மாநிலத்து ஷ்ரீவ்போர்ட் நகரின் பெரிய வானொலி நிலையத்துக்கு மாறினார். அந்த நிலையம் சனிக்கிழமை இரவுகளில் லூசியானா ஹேரைடு என்ற மேடை நிகழ்ச்சியை நேரடியாக ஒலிபரப்பும். வளரும் பாடகர்களுக்கு அது ஒரு நுழைவாயில். 1952இல் ஒரு சனிக்கிழமை, பாட வேண்டியவர் வந்து சேரவில்லை. அறிவிப்பாளரையே பாடச் சொன்னார்கள் என்பது பிரபலமான கதை. வராதவர் ஹாங்க் வில்லியம்ஸ் என்று சிலரும் வேறொருவர் என்று சிலரும் சொல்வார்கள். யாராக இருந்தால் என்ன, மேடையேறியவர் இறங்கவில்லை.

1953இல் மெக்சிகன் ஜோ என்ற பாட்டு கண்ட்ரி வரிசையில் முதலிடம் பிடித்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் பிம்போவும் முதலிடம். இன்று அவற்றைக் கேட்டால், ஜிம் ரீவ்ஸை நேசிப்பவர்களே இவரா அவர் என்று சந்தேகப்படுவார்கள். துள்ளல் தாளம், விளையாட்டு வரிகள், தொண்டையை உயர்த்திய உரத்த குரல். அன்றைய கண்ட்ரி மேடைக்கு அதுதான் இலக்கணம். மதுக்கடை இரைச்சலையும் பிடில் சத்தத்தையும் தாண்டிக் கேட்க வேண்டுமல்லவா!

1955இல் ஆர்சிஏ விக்டர் என்ற பெரிய நிறுவனத்தில் சேர்ந்தார். அதே ஆண்டு, நேஷ்வில் நகரில் 1925 முதல் நடந்துவரும் கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி மேடையிலும் உறுப்பினரானார். கண்ட்ரி பாடகருக்கு அதற்குமேல் ஒரு மேடை இல்லை. அங்கேயே நின்றிருந்தால் அக்காலத்துப் பத்துப் பதினைந்து நல்ல பாடகர்களில் ஒருவராக இருந்திருப்பார். மலாயாவில் அவர் பெயர் யாருக்கும் தெரிந்திருக்காது.

திருப்பம் 1957இல் வந்தது. ஃபோர் வால்ஸ் என்பது தனிமையைப் பற்றிய பாட்டு. அறைக்குள் அடைபட்டவரின் துக்கத்தை ஊருக்குக் கேட்கும்படி கத்திப் பாடினால் அது துக்கமாக இருக்காது என்று ஜிம் நினைத்திருக்க வேண்டும். குரலைக் கீழே இறக்கினார். உதடு ஒலிவாங்கியில் உரசும் அளவுக்கு நெருங்கி நின்றார். இசைத்தட்டு நிறுவனத்தில் அரைமனதாக இருந்தவர்கள் உண்டு. தயாரிப்பாளரும் பெரிய கித்தார் கலைஞருமான செட் அட்கின்ஸ் அவர் பக்கம் நின்றார். பாட்டு கண்ட்ரி வரிசையில் முதலிடத்துக்குப் போனது. கண்ட்ரியை எட்டிப் பார்க்காத பொது ரசிகர்களின் வரிசையிலும் 11ஆம் இடம் வரை ஏறியது.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. சிலவகை ஒலிவாங்கிகளுக்கு மிக அருகில் வாயை வைத்துப் பாடினால் குரலின் அடிநாதம் கூடுதலாகப் பதிவாகும். ஆண் குரல் இன்னும் கனமாக, வெதுவெதுப்பாகக் கேட்கும். ஆனால் மூச்சு இழுப்பதும், உதடு ஒட்டிப் பிரிவதும், சுருதி மயிரிழை விலகுவதும்கூட அப்படியே பதிவாகிவிடும். உரக்கப் பாடுகிறவர் ஒளித்துவிடக்கூடிய குறையை மெல்லப் பாடுகிறவர் ஒளிக்க முடியாது. பார்ப்பதற்கு எளிதாகத் தெரியும் அந்தப் பாட்டுமுறையில் எவ்வளவு கட்டுப்பாடு இருந்தது என்பது, கரோக்கேயில் அவரைப் பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தமிழ் ரசிகர்களுக்கு இந்த மாற்றம் புதிதல்ல. ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைவரை கேட்க வேண்டும் என்று கிட்டப்பா உச்சக் கட்டையில் பாடினார். அந்த வழியில் பாகவதர் வந்தார். பிறகு ஏ.எம்.ராஜாவும் பி.பி.ஸ்ரீநிவாஸும் வந்து, ஒலிவாங்கியை நம்பி, காதோடு காதாகப் பாடிக் காட்டினார்கள். நேஷ்வில்லில் ஜிம் ரீவ்ஸ் குரலைத் தாழ்த்திய அதே ஐம்பதுகளில்தான் சென்னையிலும் இது நடந்தது. ஒருவரைப் பார்த்து இன்னொருவர் செய்ததல்ல. கருவி ஒன்று, அது காட்டிய வழியும் ஒன்று. ஸ்ரீநிவாஸ் பாட்டுக்குப் பழகிய மலாயாத் தமிழ்க் காதுக்கு ஜிம் ரீவ்ஸ் அந்நியமாகத் தோன்றாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

1959 இறுதியில் ஹில் ஹேவ் டு கோ வெளிவந்தது. எழுதியவர்கள் ஜோ அலிசன், ஆட்ரி அலிசன் தம்பதியர். ஏற்கனவே வேறொருவர் பாடி எடுபடாமல் போன பாட்டு. ஜிம் பாடிய இசைத்தட்டிலும் அது முதுகுப் பக்கத்தில்தான் இருந்தது. முன்பக்கப் பாட்டை ஒதுக்கிவிட்டு வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். ஒரு மதுக்கடையிலிருந்து தன் காதலிக்குத் தொலைபேசியில் பேசுகிறான் ஒருவன். அந்தப் பக்கம் அவளோடு இன்னொருவன் இருக்கிறான். கோபம் இல்லை, மிரட்டல் இல்லை, அழுகை இல்லை. முடிவை அவளிடம் விட்டுவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசுகிறான், அவ்வளவுதான். இந்தப் பாட்டை உரத்துப் பாடினால் கதையே கெட்டுவிடும். ஜிம்முக்காகவே பிறந்த பாட்டு என்று தோன்றுவது அதனால்தான். 1960இல் கண்ட்ரி வரிசையில் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது. பொது வரிசையில் இரண்டாம் இடம்.

இதை நேஷ்வில் பாணி என்றார்கள். எல்விஸ் பிரெஸ்லியின் ராக் அண்ட் ரோல் இளைஞர்களை அள்ளிக்கொண்டு போன நேரம். கண்ட்ரி தட்டுகளின் விற்பனை ஆட்டம் கண்டது. செட் அட்கின்ஸ் போன்றவர்கள் பிடிலையும் ஸ்டீல் கித்தாரையும் பின்னுக்குத் தள்ளி, வயலின் கூட்டத்தையும் மென்மையான கோரஸையும் பியானோவையும் சேர்த்தார்கள். மண் வாசனை போய்விட்டது, இது நகரத்துக்காரனுக்குச் செய்த பண்டம் என்று பழைய ரசிகர்கள் குறைபட்டார்கள். அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. ஜிம்மி ராட்ஜர்ஸ் பாட்டில் கேட்கும் புகையும் வியர்வையும் ஜிம் ரீவ்ஸிடம் இல்லை. அறுபதுகளில் அவர் பாடியவற்றில் சில, சர்க்கரை கூடிப்போன தேநீர் மாதிரி இருக்கும்.

ஆனால் அந்த மாற்றம் இல்லாவிட்டால் பாட்டு கடல் தாண்டியிருக்காது. டெக்ஸஸ் உச்சரிப்பில் மூக்கால் பாடிய கண்ட்ரி பாட்டில் பாதி வார்த்தை இங்கே யாருக்கும் புரிந்திருக்காது. ஜிம் ரீவ்ஸ் செய்தி வாசித்துப் பழகியவர். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, நிறுத்தி, தெளிவாக விழும். சீனியர் கேம்பிரிட்ஜ் வரை படித்தவருக்கு முழுதாகப் புரிந்தது. ஆறாம் ஏழாம் வகுப்போடு நின்றவருக்கும் முக்கால்வாசி புரிந்தது. ஓர் ஆங்கிலப் பாட்டைக் கேட்டு, விளங்கிக்கொண்டு, கூடவே பாடவும் முடிகிறது என்பது அன்றைக்குச் சின்ன விஷயமல்ல. அது ஒரு தன்னம்பிக்கை. இலங்கையிலும் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நார்வேயிலும் அவர் கொண்டாடப்பட்டதற்கு இந்தத் தெளிவு பெரிய காரணம்.

இலங்கையில் அவருக்கு இருந்த செல்வாக்கு தனி ரகம். அங்கே அவரைவிடப் பிரபலமான ஆங்கிலப் பாடகர் எவரும் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. தமிழ்த் திரைப்பாட்டைத் தமிழ்நாட்டுக்கே கொண்டுபோய்ச் சேர்த்த இலங்கை வானொலிதான், தன் ஆங்கிலச் சேவையில் மேற்கத்தியப் பாடல்களையும் தெற்காசியா முழுக்க அனுப்பிக்கொண்டிருந்தது. சென்னை, பெங்களூர் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் நடன விருந்துகளில் ஜிம் ரீவ்ஸ் தவறமாட்டார். மெஹர் பாபாவுக்கே அவருடைய பாட்டு ஒன்று பிடித்துப்போனது. பாபாவின் பக்தரான த ஹூ ராக் குழுவின் பீட் டவுன்ஷெண்ட், அதனாலேயே அந்தப் பாட்டைத் தன் 1972ஆம் ஆண்டு தொகுப்பில் பாடினார்.

மலாயாவுக்கு வந்த வழிகள் பல. அரசாங்க வானொலியின் ஆங்கிலப் பிரிவு ஒன்று. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே ரயில்வேயிலும் தோட்ட அலுவலகங்களிலும் வேலை பார்த்த குடும்பங்களின் ஆங்கிலப் பழக்கம் இன்னொன்று. பட்டர்வொர்த் ஆகாயப்படைத் தளத்தில் 1958 முதல் முப்பது ஆண்டுகள் ஆஸ்திரேலியர்கள் குடும்பத்தோடு தங்கியிருந்தார்கள். கண்ட்ரி பாட்டு அவர்கள் நாட்டிலும் வேரூன்றிய ஒன்று. கெப்பாலா பத்தாஸிலிருந்து அந்தத் தளம் எட்டிவிடும் தூரம்தான். அறுபதுகளில் மின்கலத்தில் ஓடும் சிறிய டிரான்சிஸ்டர் வானொலி வந்ததும், மின்சாரம் எட்டிப் பார்க்காத லயங்களுக்குள்ளும் பாட்டு நுழைந்தது. சிங்கப்பூரில் மேத்யூ அண்ட் த மாண்டரின்ஸ் என்ற குழு கண்ட்ரி பாட்டையே தொழிலாக எடுத்துக்கொண்டது. பினாங்கில் ஆறுமுகம் சகோதரர்கள் கித்தாரும் கையுமாக அலிகேட்ஸ் குழுவைத் தொடங்கியதும் அதே அறுபதுகளின் இறுதியில்தான். அவர்களுடைய இசை வேறு ரகம். ஆனால் மேற்கத்திய இசை தனக்கும் சொந்தம் என்று ஒரு தமிழ்ப் பையன் நினைத்த காலம் அது.

மேடையில் ஜிம் ரீவ்ஸ் கௌபாய்த் தொப்பியையும் ஜிகினாச் சட்டையையும் கழற்றிவிட்டு, கல்யாண மாப்பிள்ளை போலக் கோட்டும் டையுமாக நின்றார். ஜென்டில்மேன் ஜிம் என்று பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. மேடைக்குப் பின்னால் அவ்வளவு சாந்தமானவர் அல்லர் என்று கூட இருந்தவர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். முன்கோபி. பணக் கணக்கில் கறார். ஒரு சுரம் பிசகினாலும் பொறுக்கமாட்டார். 1963இல் அயர்லாந்துச் சுற்றுப்பயணத்தில், நடன மண்டபங்களில் இருந்த பியானோக்கள் சுருதி சேராமல் கிடந்ததால் ஏற்பாட்டாளர்களோடு தகராறு மூண்டது. காசு கொடுத்துக் காத்திருந்த சனங்களுக்கு ஏமாற்றம்தான். அபசுரத்தோடு பாடக்கூடாது என்ற பிடிவாதம் அவருக்கு. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

அவர் வாழ்க்கையில் அப்படி எளிதாகச் சமாதானம் சொல்ல முடியாத பக்கமும் ஒன்று உண்டு. அது தென்னாப்பிரிக்கா. 1962இல் செட் அட்கின்ஸ், ஃபிளாய்ட் கிரேமர் ஆகியோரோடு அங்கே சென்றார். எல்விஸுக்கு நிகரான வரவேற்பு. மறுபடியும் போய், வைரச் சுரங்க நகரத்தைக் களமாகக் கொண்ட கிம்பர்லி ஜிம் என்ற படத்தில் கதாநாயகனாக நடித்தார். அர்த்தம் தெரியாத ஆஃப்ரிகான்ஸ் மொழியில் உச்சரிப்பைப் பழகிக்கொண்டு பாட்டுகளும் பதிவு செய்தார். அது நிறவெறிச் சட்டங்கள் முழு வேகத்தில் இருந்த காலம். நெல்சன் மண்டேலா கைது செய்யப்பட்டதும் அதே 1962இல்தான். நம் நாட்டுப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான், 1960லேயே லண்டன் காமன்வெல்த் மாநாட்டில் அந்த நிறவெறியை எதிர்த்துக் குரல் எழுப்பியிருந்தார். மறு ஆண்டு தென்னாப்பிரிக்கா காமன்வெல்த்தை விட்டே வெளியேறியது. டர்பன் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்களின் பிள்ளைகளும் அந்தச் சட்டங்களின் கீழ்தான் வாழ்ந்தார்கள்.

ஜிம் ரீவ்ஸ் அரசியல் பேசியவர் அல்லர். அன்றைக்கு அங்கே பாடப்போன வெளிநாட்டுக் கலைஞர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். கறுப்பின மக்களிடமும் இந்திய வம்சாவளியினரிடமும் அவருக்கு ரசிகர்கள் இருந்தார்கள். இதையெல்லாம் சொன்ன பிறகும் ஒரு நெருடல் மிச்சமிருக்கிறது. அவரை நேசிக்கிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவது வழக்கம். தாண்டத் தேவையில்லை. பாட்டையும் வைத்துக்கொள்ளலாம், இதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

1963 இறுதியில் 12 கிறிஸ்துமஸ் பாடல்களின் தொகுப்பு வெளிவந்தது. அதற்கு முன் ஆண்டே பக்திப் பாடல் தொகுப்பு ஒன்றும் வந்திருந்தது. தேவாலயத்துக்குப் போகிறவர், போகாதவர் என்ற பேதமில்லாமல் ஆசிய நாடுகளில் நிலைத்தவை இவைதாம். 1964 வசந்தத்தில் ஐரோப்பா சென்று, ஆஸ்லோவில் பாடினார். ஐ லவ் யூ பிகாஸ் நார்வேயில் முதலிடத்துக்கும் பிரிட்டனில் ஐந்தாம் இடத்துக்கும் ஏறியது. பீட்டில்ஸ் கூச்சலில் உலகமே காது அடைத்துக் கிடந்த ஆண்டு அது. அதற்கு நடுவிலும் இந்த மெல்லிய குரல் கேட்டது.

1964 ஜூலை 31, வெள்ளிக்கிழமை. நில வியாபாரம் ஒன்றுக்காக ஆர்க்கன்சா மாநிலத்து பேட்ஸ்வில் ஊருக்குப் போயிருந்த ஜிம், தன் குழுவின் பியானோ கலைஞரும் மேலாளருமான டீன் மானுவலோடு நேஷ்வில்லுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். ஒற்றை எஞ்சின் கொண்ட சிறிய பீச்கிராப்ட் விமானம். ஓட்டியவர் ஜிம். ஓட்டக் கற்று அதிக நாள் ஆகவில்லை. ஊர் கிட்டத்தட்ட வந்துவிட்டது. பிரெண்ட்வுட் பகுதியின் மேலே இடியும் மழையுமாக இருந்த மேகத்துக்குள் விமானம் மாட்டிக்கொண்டது. மழைக்குள் மேல் எது, கீழ் எது என்று பிடிபடாமல் விமானி நிலைதடுமாறினார் என்று கருதப்படுகிறது. விமானம் காட்டுக்குள் தலைகுப்புற விழுந்தது.

உடனே கண்டுபிடிக்க முடியவில்லை. காவல் படையினர், தொண்டர்கள், சக கண்ட்ரி பாடகர்கள் என்று பெருங்கூட்டம் இரண்டு நாள் காட்டைச் சல்லடை போட்டது. ஆகஸ்ட் 2ஆம் தேதிதான் சிதைவுகள் கிடைத்தன. இருவரும் உயிரோடு இல்லை. ஜிம்முக்கு நாற்பத்தோரு வயதாக இருபது நாள் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில்தான், அவரைப் போலவே நேஷ்வில் புகழ் பெற்ற பாடகி பாட்ஸி கிளைனும் சிறு விமான விபத்தில் இறந்திருந்தார்.

இதன் பிறகு நடந்ததுதான் விசித்திரம். ஜிம் ரீவ்ஸ் இறந்தது தெரியாமலேயே அவரைக் கேட்டவர்கள் உலகில் எத்தனையோ பேர். காரணம், புதிய பாட்டுகள் வந்துகொண்டே இருந்தன. குழந்தைகள் இல்லாத மேரி, கணவர் விட்டுச்சென்ற வெளிவராத பதிவுகளையெல்லாம் காத்துவைத்து, ஒவ்வொன்றாக வெளியிட வழிசெய்தார். பாடலாசிரியை சிண்டி வாக்கருக்காக மாதிரிக்குப் பாடிவைத்த டிஸ்டன்ட் டிரம்ஸ் என்ற பாட்டின்மேல் வாத்தியங்களைச் சேர்த்து 1966இல் விட்டார்கள். போருக்குக் கிளம்பும் ஒருவன் காதலியிடம் பேசும் பாட்டு. வியட்நாம் போர் மூண்டிருந்த நேரம். பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடம். உயிரோடு இருந்தபோது அங்கே ஒருமுறைகூட எட்டாத இடம் அது. 1967இல் கண்ட்ரி இசையின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

1981இல் இன்னொரு படி மேலே போனார்கள். அவர் தனியாகப் பாடியதையும் பாட்ஸி கிளைன் தனியாகப் பாடியதையும் மின்னணு முறையில் இணைத்து, இருவரும் சேர்ந்து பாடுவதுபோல ஒரு ஜோடிப் பாட்டு செய்தார்கள். விற்பனை நன்றாகவே இருந்தது. இறந்தவர் குரலை இப்படிக் கோக்கலாமா என்ற கேள்வி, செயற்கை நுண்ணறிவில் பழைய பாடகர்களின் குரலை எழுப்பும் இந்த நாளில்தான் இன்னும் கூர்மையாகிறது. அபசுரத்தைப் பொறுக்காத ஜிம் இதைக் கேட்டிருந்தால் முதலில் சுருதியைத்தான் சோதித்திருப்பார்.

மேரி 1999இல் காலமானார். ஜிம் ரீவ்ஸின் உடல் பிறந்த மண்ணில், கார்த்தேஜ் நகருக்கு வெளியே நெடுஞ்சாலை எண் 79இன் ஓரத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. சுற்றிலும் மரங்கள், நடுவே கையில் கித்தாரோடு நிற்கும் அவர் சிலை. அவர் வளர்த்த செயென் என்ற நாயையும் பிறகு அங்கேயே புதைத்தார்கள். இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ரசிகர்கள் இன்றும் தேடிப்போய், சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருகிறார்கள்.